கையிலடித்துக் கொடுத்த ஆப்பிரிக்கா

பால்துரை யாரென்று கேட்டால், ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். இன்று காலையிலிருந்தே கோபத்தில்தான் இருக்கிறேன். அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

அவனுடைய அக்காள் புருஷன் கப்பலில் வேலை பார்த்தவர். லீவில் வரும்போது மற்றவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கேட்பார்கள். இவன் விளையாட்டுப் பெட்டி கேட்பான். மடக்கி விரிக்கிற அட்டை, பகடை, சீட்டு, காய்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். முப்பது வயதாகியும் கல்யாணத்துக்குப் பிடி கொடுக்காமல், அக்காள் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து நான்கு பேருக்கும் அவனே காய் நகர்த்துவான். அவன் அக்காள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறாள்.

ஒவ்வொரு ஆட்டத்தைப் பற்றியும் அவனிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. ஊர்களை வாங்கி வாடகை வசூலிக்கிற வியாபார ஆட்டம் அவனுக்கு ஆகாது. வட்டிக்காரன் வேலையைச் சும்மா செய்ய வைக்கிற ஆட்டம் என்பான். கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற ஆட்டம் ஒன்று வந்தது. கொலை முடிந்த பிறகு போய் என்ன பிடுங்குவது, கொலை செய்ய விட்டால் அல்லவா ஆட்டம் என்றான். பரமபதம் ஆடுகிறவர்களைக் கண்டால் சிரிப்பான். அதில் பாம்பு கடித்தால் பழி பகடை மேல் போய்விடும், நல்ல ஆட்டத்தில் கடிக்கிற பாம்பு எதிரே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

எண்பத்தேழில் அப்படி ஒரு ஆட்டம் வந்து சேர்ந்தது. உலக வரைபடம், பிளாஸ்டிக்கில் விரல்நகம் அளவு சிப்பாய்கள். நாடு பிடிக்க வேண்டும். பகடை உருட்டி ஒருவன் சிப்பாய்களை மற்றவன் கொல்ல வேண்டும். ஒருவரோடொருவர் கூட்டுச் சேரலாம், சேர்ந்தவன் முதுகில் குத்தலாம். இரண்டுக்கும் ரூல் புத்தகத்தில் இடமிருந்தது.

எனக்கு அப்போது ஒரு சின்ன பேண்டேஜ் யூனிட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின்கள் ஓடாது. துணி வெட்டுகிற பெரிய மேஜையில் வரைபடத்தை விரித்தோம். ஆடியது நான்கு பேர். பால்துரை, நான், பஸ் கண்டக்டர் இருதயம், என்னிடம் பேண்டேஜ் ரோல் வெட்டுகிற மொக்கைச்சாமி. அந்த மேஜையில் நாங்கள் கொன்ற கொலைக்குக் கணக்கில்லை. ஆசியா முழுவதையும் ஒரே மூச்சில் இழந்த இருதயம் ஸ்டூலைத் தூக்கி பால்துரையின் முழங்காலில் அடித்தான். பால்துரை திருப்பிக் குத்தியதில் இருதயத்தின் முன்பல் ஆடிப்போனது. நானும் யோக்கியனில்லை, ஐரோப்பா போன ஆத்திரத்தில் டீ கிளாஸைச் சுவரில் எறிந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு எல்லோரும் வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்தோம்.

மொக்கைச்சாமி மட்டும் வேறு மாதிரி. அவனுக்குக் கோபம் வராது என்றில்லை, கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் வாக்குக் கொடுத்தால் உயிர் போனாலும் மாற மாட்டான். அண்ணனோடு சண்டை போட்டு, உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவன். அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. போகாமலும் இருக்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று மொய் கொடுத்தான், தெருவிலேயே இலை போட்டுச் சாப்பிட்டான். ஊரே சிரித்தது. அவன் சாம்பாருக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஒரு ஞாயிறு மொக்கைச்சாமி ஆப்பிரிக்கா முழுவதையும் பிடித்து வைத்திருந்தான். கடலுக்கு மேற்கே பிரேசிலில் பால்துரையின் மஞ்சள் சிப்பாய்கள் குவிந்திருந்தார்கள். வடக்கே இருதயம் முட்டிக்கொண்டிருந்தான். மொக்கைச்சாமி உள்ளங்கையை நீட்டினான். பிரேசில் பக்கமிருந்து ஆப்பிரிக்காவைத் தொட மாட்டேன் என்று கையிலடித்துச் சொல்லச் சொன்னான். பால்துரை ஓங்கி அடித்து, சத்தியம் என்றான். அதை நம்பி மொக்கைச்சாமி அந்தக் கரையில் ஒற்றைச் சிப்பாயை நிறுத்திவிட்டு மொத்தப் படையையும் இருதயத்தின் மேல் அனுப்பினான்.

பால்துரையின் முறை வந்தது. மஞ்சள் சிப்பாய்கள் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குள் இறங்கினார்கள். உருட்டிய பகடையெல்லாம் அவனுக்கே விழுந்தது. செத்த சிவப்புச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மொக்கைச்சாமியின் முன்னால் வைத்துக்கொண்டே சிரித்தான்.

"சத்தியம் பண்ணுனியேலே" என்றான் மொக்கைச்சாமி.

"இது ஆட்டம்லே. ரூல்லயே இருக்கு."

"ஆட்டம் அட்டைல. நீ அடிச்சது என் கைல."

பால்துரை அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ரூல் புத்தகத்தை எடுத்து, இங்கிலீஷ் தெரியாதவன் முகத்துக்கு நேரே ஆட்டினான். மேஜையோரம் ரோல் வெட்டுகிற நீளக் கத்தி கிடந்தது. மொக்கைச்சாமி இடது கையால் பால்துரையின் வலது மணிக்கட்டைப் பிடித்து மேஜையில் அழுத்தினான். உள்ளங்கையின் குறுக்கே ஒரே வெட்டு. கத்தி எலும்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி ஓங்கியவனை நானும் இருதயமும் சேர்ந்து தரையில் தள்ளினோம். இருதயம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினான். இவ்வளவு நடந்தும் மொக்கைச்சாமி ஒரு சத்தம் போடவில்லை. பால்துரைதான் அலறினான்.

ஊர் ஊராகப் பேண்டேஜ் அனுப்பிய எனக்கு, அது எவ்வளவு ரத்தம் குடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சுற்றச் சுற்ற நனைந்தது. உலக வரைபடம் முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். ஃபிட்டருக்கு விரல் போனால் பிழைப்பில் பாதி போன மாதிரி. வலியும் ஆத்திரமுமாகப் பால்துரை போலீசிடம் நடந்ததை நடந்தபடி சொன்னான். மொக்கைச்சாமியை ஸ்டேஷனில் வைத்து நன்றாக உரித்துவிட்டு ரிமாண்டில் அனுப்பினார்கள்.

அந்த வாரமே மொக்கைச்சாமியின் மனைவி அமிர்தவல்லி பால்துரையின் மாடிக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. நான் அங்கேதான் இருந்தேன். அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் இவன் கல்லாக இருந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

"அவிய உள்ள போயிட்டா இந்தப் பிள்ளையள நான் எங்கண்ணே கொண்டு போவேன்? வெட்டலைன்னு கோர்ட்டுல சொல்லுங்க. கையிலடிச்சுச் சொல்லுங்க" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

பால்துரை தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு இடது கையை நீட்டினான். அவள் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இடது கையில் அடித்தால் அது சத்தியமாகாது என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்துப் படியில் தள்ளியிருப்பேன். பால்துரை என்னை முறைத்துவிட்டு, தையல் போட்ட வலது கையால் அவள் கையில் அடித்தான். கட்டு சிவந்துகொண்டே வந்தது. அவள் உள்ளங்கையிலும் ரத்தம் ஒட்டியிருந்தது. அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மொக்கைச்சாமி ஜாமீனில் வந்தான், ஆனால் எங்கள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. ஒரு வருஷம் வாய்தா வாங்கிய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணை வந்தது. முதல் சாட்சி பால்துரை, அடுத்த சாட்சி நான். குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சத்தியம் வைக்கிற வழக்கம் கிடையாது. அதனால்தான் வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி மொக்கைச்சாமி முன்னமே, குற்றத்தைப் படித்துக் கேட்டபோது, தலையை ஆட்டி, நான் செய்யவில்லை என்று சொல்லியிருந்தான்.

பால்துரை சாட்சிக் கூண்டில் ஏறினான். சொல்வதெல்லாம் உண்மை என்று கடவுளை முன்வைத்துச் சத்தியம் செய்தான். பிறகு, கால் இடறி நானேதான் கத்தி மேல் விழுந்தேன், மொக்கைச்சாமி என்னைத் தூக்கிவிட்டான் என்றான். அரசு வக்கீல் மிரட்டிப் பார்த்தார். போலீசில் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். இவன் அசையவில்லை. அமிர்தவல்லி வாசல் பக்கம் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள். வழக்கு அங்கேயே செத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் மொக்கைச்சாமி எதிர்க் கூண்டிலிருந்து கத்தினான்.

"பொய் சொல்றான் அய்யா. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றான். நாந்தான் வெட்டுனேன்."

அவனுடைய வக்கீல் ஓடி வந்து வாயைப் பொத்தினார். மொக்கைச்சாமி அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதில் அவர் பெஞ்சில் மோதி விழுந்தார். போலீஸ்காரர் பிடரியில் ஒன்று வைத்தார். அடி வாங்கிக்கொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மாஜிஸ்திரேட் யோசிக்கச் சொல்லிச் சாப்பாட்டு நேரம் வரை விட்டுவைத்தார். வந்து நின்று மறுபடியும் அதையேதான் சொன்னான். இரண்டு வருஷம் போட்டார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை. முட்டாள் என்று மனசுக்குள் திட்டினேன். இன்றைக்கும் அதேதான் சொல்வேன்.

கையில் விலங்கோடு வெளியே கூட்டி வந்தபோது, வேப்பமரத்தடியில் நின்ற பால்துரையின் முன்னால் மொக்கைச்சாமி நின்றான்.

"ஒரு தடவையாவது சத்தியத்தக் காப்பாத்தியிருக்கலாம்லே" என்றான்.

பால்துரை தலையைக் குனிந்துகொண்டான். அமிர்தவல்லிதான் வந்தாள். இடுப்புப் பிள்ளையை இறக்கித் தரையில் விட்டுவிட்டு, புருஷன் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். போலீஸ்காரரே ஒரு அடி விலகிக்கொண்டார்.

"அண்ணன் எனக்குக் கையிலடிச்சுச் சொன்னாவ, காப்பாத்திட்டாவ. என்னையும் பிள்ளையளையும் காப்பாத்துவேன்னு தாலி கட்டயில நீ சொன்னது என்னாச்சு?"

அதுவரை அவள் அவனை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மொக்கைச்சாமி விலங்குக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, என் எதிரில் முதல் முறையாக அழுதான். அப்படியே வேனில் ஏற்றினார்கள்.

ஃபிட்டர் வேலை போய் மில் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்த பால்துரை, அந்த இரண்டு வருஷமும் சம்பளம் வாங்கிய கையோடு அமிர்தவல்லி வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டான். அதற்கு மட்டும் அவன் யார் கையிலும் அடித்துச் சத்தியம் செய்யவில்லை.