யானைக்குட்டி விழுந்த குளம்

என் கணவர் பாசிர் கூடாங் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக இருந்தார். அதற்குப் பக்கத்தில் மாசாயில் எங்கள் வீடு. தொழிற்சாலைகள் இருக்கும் திசையிலிருந்து சங்குச் சத்தம் வந்தால் என் கை வேலை அப்படியே நின்றுவிடும். பெரும்பாலும் அது ஒத்திகையாகத்தான் இருக்கும். ஆனாலும் அவருக்கு போன் அடிப்பேன். கொதிகலன் பக்கத்தில் நிற்கும்போது எடுக்கமாட்டார் என்று தெரியும், தெரிந்தும் அடிப்பேன். மாலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும் வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஐம்பது வயது தாண்டியதும் வேலையை விட்டுவிட்டுக் காஹாங்கில் நிலம் வாங்கி விவசாயம் பார்க்கப் போகிறேன் என்றார். என் அண்ணன்தான் அதிகம் கோபப்பட்டார்.

"நம்ம அப்பா அம்மா தோட்டத்துல கூலி வேல செஞ்சு பட்டது பத்தாதா மாப்ள? இஞ்சினியருக்குப் படிச்சிட்டு மறுபடியும் மண்ணு வெட்டப் போறீங்களா?"

"இது என் மண்ணுலா மச்சான்," என்று மட்டும் அவர் சொன்னார்.

எனக்கோ நிம்மதி. வாழை மரம் வெடிக்காது, இஞ்சிச் செடியிலிருந்து வாயு கசியாது என்று நினைத்துக்கொண்டேன்.

காஹாங் டவுனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நிலத்தின் மூன்று பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள், நான்காவது பக்கம் காடு. அவர் விவசாயத்தையும் தொழிற்சாலை மாதிரிதான் செய்தார். குழாய்களுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார். மேட்டில் குளம் வெட்டி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடாதபடி கரை முழுவதும் கனமான கறுப்புப் பிளாஸ்டிக்கை விரித்தார். மோட்டார் இல்லாமலே தண்ணீர் கீழே வாழைகளுக்குப் பாய்ந்தது. கரைக்குக் கீழே, பள்ளத்தில், ஒரு பெரிய வால்வு. அதைத் திறந்தால் குளமே காலியாகிவிடும். நிலத்துக்கு வருகிறவர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு போய் அந்தக் குளத்தைக் காட்டுவார்.

ஒரு நாள் காலை பிக்அப் வண்டியில் உள்ளே நுழைந்தபோது வாழைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. காற்றடித்திருக்கும் என்று நினைத்தேன். அவர் சட்டென்று வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார்.

குளத்துக் கரையில் ஒரு பெண் யானை நின்றுகொண்டிருந்தது. தண்ணீருக்குள் அதன் குட்டி. தலையும் தும்பிக்கையும் மட்டும்தான் தெரிந்தன. கரையில் முன்கால்களை வைத்து ஏறும். பிளாஸ்டிக்கில் வழுக்கி, மறுபடியும் தண்ணீருக்குள் போகும். ஒவ்வொரு முறையும் மேலே வர முன்பைவிட நேரமானது. தாய் தும்பிக்கையை நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை. அது போட்ட சத்தம் என் இருக்கைக்கு அடியில் அதிர்ந்தது.

அவர் வனவிலங்கு இலாகாவுக்குப் போன் செய்தார். வந்துகொண்டிருக்கிறோம், வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம் என்றார்கள். அவர்கள் வரத் தூரம் அதிகம்.

"குட்டி அதுவரைக்கும் தாங்காது," என்றார்.

"என்னங்க, வேணாம். அவங்கதான் வராங்கல்ல."

"வால்வத் தொறந்தா போதும். தண்ணி வத்துனா அது தரையில நின்னுக்கும்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பொத்தான் ஒன்று பிய்ந்து விழுந்தது.

"நான் கட்டுன குளம்மா அது," என்றார். "அந்தச் சரிவ நான்தான் போட்டேன். தண்ணி வெளிய போவாம இருக்க யோசிச்சேன். உள்ள விழுந்தது எப்படி வெளிய வரும்னு யோசிக்கவே இல்ல."

அவர் குரல் நடுங்கியது. அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகப் பயம் வந்தது.

என்னை ஓட்டுநர் இருக்கைக்கு மாறச் சொன்னார். "அது என் பக்கம் வந்துச்சுன்னா ஹாரன அடி. வேற எதுவும் செய்யாத." கதவைச் சாத்தாமலே இறங்கி, வால்விலிருந்து வாழைகளுக்கு நடுவே வரும் வடிகால் ஓடைக்குள் குனிந்து நடந்தார். செடிகளுக்கு நடுவே அவர் முதுகு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒரு சாமி பேர்கூட நினைவுக்கு வரவில்லை.

அவர் வால்வைப் பிடித்துத் திருப்புவதைப் பார்த்தேன். இறுகியிருந்தது போல, இரண்டு கையாலும் தொங்கினார். இரும்பு கிறீச்சிட்டது. யானை திரும்பியது. காதுகளை விரித்துக்கொண்டு கரையிலிருந்து நேராக அவரை நோக்கி இறங்கியது.

ஹாரனை அழுத்தினேன். கையை எடுக்கவே இல்லை. நானும் கத்திக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தொண்டை வலித்தபோது தெரிந்தது. யானை பாதியில் நின்று என் பக்கம் திரும்பி ஓடிவந்தது. கண்ணாடி முழுவதும் சேறு அப்பிய நெற்றி. அதன் கண் சின்னதாக, ஈரமாக இருந்தது. இப்போது ஹாரனை விடவா, அடிக்கவா என்று அவர் சொல்லித் தரவில்லை. தும்பிக்கை வண்டியின் முன்பக்கத்தைத் தடவியது, ஒரு தட்டுத் தட்டியது. வண்டி குலுங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

குட்டி கத்தியது. கண்ணைத் திறந்தபோது தாய் குளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஓடை வழியாகவே ஊர்ந்து வந்து பக்கத்து இருக்கையில் ஏறினார். உடம்பெல்லாம் சேறு. பள்ளத்தில் தண்ணீர் இரைந்து ஓடும் சத்தம் கேட்டது. குளத்துத் தண்ணீர் மெதுவாக இறங்க இறங்க குட்டியின் முதுகு தெரிந்தது, பிறகு வயிறு. கடைசியில் சேற்றில் நான்கு காலும் ஊன்றி நின்றது. அப்போதுதான் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இலாகா ஆட்கள் வந்து, பட்டாசு வெடித்துத் தாயைக் காட்டோரம் ஒதுக்கினார்கள். மண் தோண்டும் இயந்திரத்தால் ஒரு பக்கக் கரையை உடைத்துச் சாய்த்தார்கள். குட்டி தள்ளாடி ஏறி, தாய் நின்ற பக்கம் ஓடியது. அவர்களில் பெரியவர் என் கணவரை மலாயில் நன்றாகத் திட்டினார். பிறகு அவரே ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன்.

அடுத்த வாரமே உடைந்த கரையைப் படுக்கையாகச் சாய்த்து, கால் வழுக்காதபடி சொரசொரப்பான கல் பதித்தார். சுற்றுவட்டாரத்தில் குளம் வெட்டியிருந்த விவசாயிகள் ஒவ்வொருவரையும் தேடிப் போய், உங்கள் குளத்துக்கும் இப்படி ஒரு வழி வையுங்கள் என்று கெஞ்சினார். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். சிரித்தவர் ஒருவருக்கு அவரே கல் சுமந்துபோய்ப் பதித்துக் கொடுத்தார்.

போன வருடம் க்ளுவாங் ஆஸ்பத்திரியில், ஒரு பிற்பகலில், மாரடைப்பில் போய்விட்டார். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பயப்படவே நேரமில்லை.

நிலத்தை விற்றுவிடச் சொல்கிறார் அண்ணன். "தனியா என்ன செய்வே? யானை வர்ற எடம்."

உண்மைதான். இப்போதும் போகும்போதெல்லாம் உள்ளங்கை வேர்க்கிறது. வண்டிக்குள் இருந்தபடியே காட்டோரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். ஆனால் இறங்குகிறேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது.