முக்கால் சுற்று

பெற்றோர் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவர் பெயர் குறடு. மரியாதை கொடுக்க நினைப்பவர்கள் மட்டும் 'குறடு அண்ணன்' என்பார்கள். இருசக்கர வண்டிகளைப் பழுது பார்ப்பதில் இருபத்தோரு வருஷம். அவர் இறுக்கிய போல்ட்டை இன்னொரு மெக்கானிக் கழற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அந்தக் கைக்கு ஒரு காரணம் உண்டு. தொழில் கற்ற புதிதில், முன்பிரேக் போல்ட் ஒன்றை விரலால் திருகி நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று எழுந்து போனார். வண்டிக்காரர் அவசரக்காரர். குறடு வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கடை வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். "ஒரு போல்ட்டு விட்டுட்டீங்க போலிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அன்றிலிருந்து குறடின் கைக்குப் 'போதும்' என்பதே தெரியாமல் போயிற்று. ஸ்பேனர் முனகும்வரை திருகுவார். முனகிய பிறகும் இன்னும் கொஞ்சம், மனசு ஆறுவதற்காக.

கடைக்கு இரண்டு பாதி. முன்பாதியில் உதிரிபாகங்கள், அது மனைவியின் ஆட்சி. எண் ஒட்டிய அட்டைப்பெட்டிகள், ஓரம் சுருண்ட பட்டியல் புத்தகம், தூசு தட்ட ஒரு துணி. பின்பாதியில் எண்ணெய் ஊறிக் கறுத்த தரையும் குறடும். நடுச்சுவரில் ஒரு சதுர ஓட்டை. சாமானும் சண்டையும் அது வழியாகத்தான் போய்வரும்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவருடைய தங்கை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நின்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் பட்டம் வாங்கிய படத்தைச் சுவரில் மாட்டியவர் அண்ணன். அந்த ஆணியை இனி வீட்டை இடித்தால்தான் எடுக்க முடியும்.

"அண்ணே, உன் வண்டி மறுபடியும் அழுதுடுச்சு."

"என் வண்டியா? ஓட்டறது நீ."

"சர்வீஸ் பண்ணது நீ. காலைப் பாரு." செருப்பின் ஓரமெல்லாம் எண்ணெய். "போன வீட்ல இப்பதான் வாசலுக்குச் சிமென்ட் பூசியிருக்காங்க. ரத்தம் எடுத்துட்டு வெளியே வரேன், வண்டிக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். அந்தம்மா, 'எங்க வீட்டு ரத்தத்தை எடுத்துக்கிட்டு உன் ஆயிலை விட்டுட்டுப் போறியா'ன்னாங்க."

ஓட்டைக்கு அந்தப் பக்கம் அண்ணி சிரித்தது கேட்டது. குறடு சிரிக்கவில்லை. இரண்டு வாரத்தில் இது மூன்றாவது தடவை. சர்வீஸ் செய்து ஆயில் ஃபில்டர் மாற்றிய மூன்றாம் நாளே ஒழுகத் தொடங்கியது. செயின் ஸ்பேனர் போட்டு இறுக்கினார், நான்கு நாள் நின்றது. மறுபடி ஒழுகியபோது ஃபில்டரையே மாற்றி, முன்னைவிட இறுக்கினார். இப்போது அதுவும் ஒழுகுகிறது.

"திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு மலைப்பக்கம் ஏழு ஊர்" என்றாள் தங்கை. "நடுவுல ஒரு கடை கிடையாது, போன் எடுக்காது. ஆயில் இறங்கி என்ஜின் நின்னுச்சுன்னா ரத்தப் பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு நடக்கணும். அதான்..." என்று இழுத்தவள், செருப்பைத் தரையில் தேய்த்தாள். "எதிர்க்கடையில காட்டலாம்னு பார்க்கறேன். தப்பா எடுத்துக்காதே."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வந்துமிருக்கிறார்கள். அதெல்லாம் தொழிலில் சகஜம். கூடப் பிறந்தவள் போவது அந்தக் கணக்கில் சேராது.

"இன்னிக்கு ஒரு நாள் கொடு. சரியாகலைன்னா நானே தள்ளிக்கிட்டுப் போய் அங்க விடறேன்."

ஓட்டையில் மனைவியின் முகம் தெரிந்தது. "இதுக்கு நான் சாட்சி. அது கிடக்கட்டும், போன தடவை எந்த ஃபில்டர் போட்டீங்க?"

"கறுப்பு."

"கறுப்புல என்கிட்ட அஞ்சு நம்பர் இருக்கு."

"என் டிராயர்லயே ரெண்டு கிடந்துச்சு, ஒண்ணைப் போட்டேன். அதே உயரம். மரையும் ஏறுச்சே!"

"கால் நுழையுதுன்னு யார் செருப்பை வேணும்னாலும் மாட்டிக்கிட்டுப் போவீங்களா?"

அவள் பட்டியலைப் புரட்டினாள். வண்டியின் மாடல், வருஷம், எண் எல்லாவற்றையும் விரல் வைத்துப் பார்த்து ஒரு பெட்டியை எடுத்தாள். டிராயரில் மிச்சமிருந்த கறுப்பு ஃபில்டரை வாங்கி, இரண்டையும் வாய் மேலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தகரம் ஒன்றுபோல்தான் இருந்தது. வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் மட்டும் டிராயர் ஃபில்டரில் ஒரு நெல்மணி அகலம் சின்னதாக இருந்தது.

"பார்த்தீங்களா? இது உட்கார வேண்டிய இடத்துல உட்காராது, உள்ள தள்ளி உட்காரும்."

குறடுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. கோளாறு ஃபில்டரில், கையில் இல்லை.

ஆனால் வண்டியிலிருந்ததைக் கழற்றுவது லேசாக இல்லை. செயின் ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கித் தகரத்தை நசுக்கியது. கடைசியில் ஸ்குரூ டிரைவரை ஃபில்டரின் வயிற்றிலேயே அடித்து இறக்கி, அதைப் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. பழைய ஆயில் முழங்கைவரை வழிந்தது.

"இதை மாட்டினவன் சாதாரண ஆளா இருக்க முடியாதுண்ணே" என்றாள் தங்கை. அதற்குள் அவளுக்கு போன் வர, பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனாள்.

மனைவி டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பாதிக்கே வந்துவிட்டாள். அது அபூர்வம். கழற்றிய ஃபில்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ரப்பர் வளையம் இருக்கு."

"இருக்கத்தானே செய்யும்."

"அப்ப அங்க இருக்கறது யாரோடது?"

டார்ச் வெளிச்சம் என்ஜினின் முகத்தில் விழுந்தது. ஃபில்டர் போய் உட்காரும் வட்டத்தில் இன்னொரு வளையம் அப்பிக் கிடந்தது. கறுப்பில் கறுப்பு, அதற்கு மேல் எண்ணெய். தேடினால் ஒழியத் தெரியாது. குறடு தேடியதே இல்லை. போன வருஷம் அவர் இறுக்கிய இறுக்கில் நசுங்கி, சூட்டில் வெந்து, என்ஜினோடு ஒட்டிக்கொண்ட வளையம். அந்த ஃபில்டர் கழன்று வந்தபோது அதை விட்டுவிட்டு வந்திருக்கிறது. அதன் மேல் அவர் ஒன்று மாட்டினார், பிறகு இன்னொன்று மாட்டினார், இரண்டையும் வெறிகொண்டு இறுக்கினார்.

நகத்தால் நெம்பினார். வரவில்லை. என்ஜின் முகத்தில் கீறல் விழாமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையின் முனையால் சுற்றிச் சுற்றிக் கிளப்பியதும் முழுசாகக் கையோடு வந்தது.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "ஃபில்டர் நம்பர் மாறிப்போச்சுன்னு சொன்னாலே அவ நம்பிடுவா. பொய்யும் இல்லை."

பொய் இல்லைதான். குறடு வளையத்தைத் துணியில் துடைத்தார். அது இத்தனை மெல்லிசாக இருந்தது அவருக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "போனை வெச்சுட்டு இங்க வா."

வந்தவளின் உள்ளங்கையில் அதை வைத்தார்.

"இது போன வருஷத்து வளையம். என்ஜின்லயே ஒட்டிக்கிச்சு. அதைப் பார்க்காம மேலயே புதுசைப் போட்டிருக்கேன். ரப்பர் மேல ரப்பர் நிக்காது, பிதுங்கும். நான் இறுக்க இறுக்க இன்னும் பிதுங்கியிருக்கு."

"மூணு தடவையுமா?"

"ஒரு தடவைகூடப் பார்க்கலை."

தங்கை வளையத்தையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, இப்ப மாட்டு. நான் பார்க்கறேன்."

குறடு என்ஜினின் முகத்தைத் துடைத்து, விரலை வைத்து ஒரு முழு வட்டம் தடவினார். வழவழவென்று இருந்தது. புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரல்நுனியால் பூசினார். காய்ந்த ரப்பரைத் திருகினால் அது சுருண்டுகொள்ளும். கையாலேயே மெல்லத் திருகி, வளையம் முகத்தைத் தொட்டதும் நிறுத்தினார். வழக்கமாக அங்கேதான் அவருடைய வேலையே ஆரம்பிக்கும்.

"இதுக்கு மேல எவ்வளவு?" என்றாள் தங்கை.

மனைவி பெட்டியைத் திருப்பிப் படித்தாள். "'தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று.' படமே போட்டிருக்கான்."

"இருபத்தோரு வருஷமா இதைப் படிச்சதில்லையாண்ணே?"

"பெட்டியைப் பிரிச்சதும் தூக்கிப் போட்டுடுவேன். அதுல படிக்க என்ன இருக்குன்னு..."

ஃபில்டரின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு திருகினார். கால், அரை, முக்கால். நின்றார். தோளிலிருந்து விரல்வரை இன்னும் வேண்டும் வேண்டும் என்றது. இடது கை தன்பாட்டில் தரையைத் துழாவியது.

"தேடாதீங்க" என்றாள் மனைவி. "செயின் ஸ்பேனரை முன்பக்கம் கொண்டுபோய் வெச்சுட்டேன்."

அளவாக ஆயில் ஊற்றி, ஐந்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் அடங்கியதும் மட்டம் பார்த்துக் கொஞ்சம் சேர்த்தார்கள். தங்கை வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்து ஏற்றம்வரை போய்வரக் கிளம்பினாள். அவள் திரும்பிவர ஆன முக்கால் மணி நேரமும் குறடு வேறெந்த வண்டியையும் தொடவில்லை. கையை மூன்று முறை கழுவினார். மனைவி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் ஏந்திக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தவள் பையைத் திறந்து, ரத்தம் எடுத்த இடத்தில் வைக்கிற பஞ்சில் கொஞ்சம் பிய்த்தாள். சூடு படாமல் ஃபில்டரும் என்ஜினும் சேரும் இடுக்கில் சுற்றிலும் ஒற்றி எடுத்தாள். பஞ்சில் ரோட்டுப் புழுதி மட்டும் இருந்தது. இன்னொரு பஞ்சு எடுத்து ஒற்றினாள். அதுவும் அப்படித்தான்.

"திங்கக்கிழமை இதுலயே போறேன்."

"எதிர்க்கடைக்குப் போகலையா?"

"அங்க அண்ணி இல்லையே."

அவள் போன பிறகு குறடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த மாதம் எத்தனை வண்டிக்கு ஃபில்டர் மாற்றினோம் என்று யோசித்தார். ஆறு ஞாபகத்துக்கு வந்தன. ஆறிலும் என்ஜினின் முகத்தைப் பார்த்த ஞாபகம் மட்டும் இல்லை. போனை எடுத்து முதலில் பால்காரரைக் கூப்பிட்டார்.

"வண்டி ஒழுகுதா?"

"இல்லையேண்ணே."

"இல்லைன்னாலும் நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க. நான் மாட்டினதை நானே கழற்றிப் பார்க்கணும்."

பால்காரர் சொன்னார்: "கழற்ற முடிஞ்சா கழற்றுங்க. போன தடவை நீங்க மாட்டிக் கொடுத்த பக்கக் கண்ணாடியை இன்னும் என்னால திருப்ப முடியலை. மூணு மாசமா என் முகத்தையே பார்த்துக்கிட்டு வண்டி ஓட்டறேன்."