யார் மடியில் உட்காருவது?

என் மகளுக்குக் காதில் குழாய் வைத்த அன்று, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றப்பட்டவன் நான். வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கெஞ்சிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் பொள்ளாச்சி வரைக்கும் போய்விட்டது. இனி நானே எழுதினால்தான் என்ன?

மகள் அம்மணிக்கு அப்போது ஐந்து வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவள் பார்க்கிற டிவி அடுத்த தெருவுக்கும் ஓடும். "எதைக் கேட்டாலும் பாப்பா சிரிக்கிறாளுங்க. பதில்தான் வரமாட்டேங்குது" என்றார் டீச்சர். இலக்கியக் கூட்டங்களில் நானும் அப்படித்தான் சமாளிக்கிறேன் என்பதால் அதை நோயாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மனைவிக்குத் தோன்றியது. செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருக்கிறது, மாதக்கணக்கில் பார்த்தும் வற்றவில்லை, இப்படியே விட்டால் பேச்சும் பின்தங்கும் என்றார் காது டாக்டர். பறையில் சின்னத் துளை போட்டு, கம்பு மணி அளவில் ஒரு குழாய் வைத்தால் காற்று போய்வருமாம், காது கேட்குமாம்.

மனைவி உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். என் மச்சான் பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரி. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"காதுல ஓட்டை போடறாங்கன்னா, யாரு மடியில உக்கார வெக்கறதுங்க மாப்பிள்ளை?"

காதில் துளை என்றால் தாய்மாமன் மடி. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியபோதும் அம்மணி அவர் மடியில்தான் இருந்தாள். அவளைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

"மச்சான், அது சடங்கு. இது சர்ஜரி. மயக்க மருந்து குடுத்து, மைக்ராஸ்கோப் வெச்சுப் பண்றது. மடிக்கெல்லாம் அங்க வேலையே இல்லீங்க."

ஒரு வாரமாக விழுந்து விழுந்து படித்திருந்தேன். செவிப்பறையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பாகம் குறிக்கிற நிலையில் இருந்தேன்.

"அதுவுஞ் செரிதானுங்க" என்று போனை வைத்தார். எங்கள் பக்கத்து மரியாதையில் அதற்கு 'நான் வாரேன்' என்று அர்த்தம்.

ஆபரேஷன் அன்று நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். லாரியில் பாதி லோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே கிளம்பியிருக்கிறார். விபூதி, சலவை வேட்டி. அன்னியர் யாரும் உட்கார்ந்துவிடாமல் காப்பவர் போல மடியைக் காலியாக வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

மயக்க டாக்டர் வெளியே வந்தார். "பாப்பா பயந்துக்கக் கூடாது. யாராச்சும் ஒருத்தர் உள்ள வந்து மடியில வெச்சுக்குங்க. மாஸ்க் வெச்சுத் தூங்கினதும் போயிரலாம்."

மடி! எந்த விஞ்ஞானத்துக்காக வாதாடினேனோ அதுவே என் காலை வாரிவிட்டது. மச்சான் வேட்டியை மட்டும் நீவிவிட்டுக்கொண்டார்.

"நான் அழுதுபோடுவேன், நீங்களே போங்க" என்றாள் மனைவி. நான் ஏற்கனவே எழுந்திருந்தேன். "அப்பா இருக்கேன் கண்ணு!" என்று நான் சொன்னது ரிசப்ஷன் வரை கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

பச்சை அங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டேன். நர்ஸ் திருத்திவிட்டார். அம்மணி மடியில் ஏறி என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். அதோடு நின்றிருக்கலாம். பக்கத்தில் இருந்த தட்டைப் பார்த்தேன். மெல்லிய கம்பிச் சாமான்கள் வரிசையாக இருந்தன. படிக்காதவனுக்கு அவை வெறும் கம்பிகள். எனக்கு ஒவ்வொன்றின் பெயரும், அதன் நுனி எங்கே போகும் என்பதும் தெரிந்தது. காதுக்குள் ஒரு ரைஸ்மில் ஓட ஆரம்பித்தது. "பாப்பாவப் புடிங்க!" என்று யாரோ கத்தினார்கள். பாப்பாவைப் பிடித்துவிட்டார்கள். என்னைத் தரை பிடித்துக்கொண்டது.

மீதியை நர்ஸ்தான் பிற்பாடு சொன்னார். அப்பன் சரிந்ததைப் பார்த்துப் பிள்ளை அலறியதாம். மாஸ்க் பக்கம் முகத்தையே திருப்பவில்லையாம். இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்றுகூடப் பேச்சு வந்திருக்கிறது. கடைசி முயற்சியாக அவரே கதவைத் திறந்து, "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாராம். உள்ளே போய் உட்கார்ந்து, அவளை நெஞ்சோடு சேர்த்து மெல்ல ஆட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் தூங்கிப்போனாள்.

குழாய் வைத்து முடிந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பிள்ளையைத் தாண்டி வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை என் தலைமாட்டில் வைத்தார்கள்.

காது கேட்கிறதா என்று அடுத்த வாரம் பார்ப்போம் என்றிருந்தார் டாக்டர். அந்த வாரம் முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் ஆளுக்கொரு டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தோம். சிலசமயம் திரும்பினாள், சிலசமயம் இல்லை. எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் அறையின் மூலையில் மீன்தொட்டி இருந்தது. அம்மணி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் மூக்கை ஒட்டி நின்றாள். குழாய் கொஞ்ச மாதத்தில் தானாகவே விழுந்துவிடும், சில பிள்ளைகளுக்கு மறுபடி வைக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நான் மேஜை மேல் குனிந்து, பக்கத்தில் இருந்த மனைவிக்கும் எட்டாத குரலில் சொன்னேன்: "அப்படி வந்தா, அந்தத் தடவை நானே மடியில வெச்சுக்கறேன் டாக்டர்."

மீன்தொட்டிப் பக்கமிருந்து, திரும்பாமலே பதில் வந்தது.

"வேண்டாம்ப்பா. நீங்க வெளியவே உக்காருங்க. மாமா வரட்டும்."