கை கட்டினால் இடமில்லை

டோ யின் மே விற்கும் மொஹிங்கா சுமார்தான். மீன் குழம்பில் மீனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், சேமியா பாதி நாள் குழைந்திருக்கும். அப்படியும் தாய்லாந்து எல்லை ஊரான மே சொட்டில் எங்கள் தையல் ஆலை வாசலில் அவளுடைய வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். சாப்பாட்டோடு வசவும் இலவசமாகக் கிடைக்கும் என்பதுதான் காரணம். ஆலை மேலாளர், போலீஸ், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்மாவிலிருந்து எங்களைத் துரத்திவிட்ட பட்டாளம் என்று ஒருவரையும் விடமாட்டாள். அந்த ஆலையில் மிஷின் ரிப்பேர் பார்ப்பவன் நான். காலையில் அவளிடம் நாலு திட்டு வாங்காமல் எனக்கு வேலை ஓடாது.

அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் ஒருத்தன் இருந்தான். அவனைப் பற்றி, "தொலைஞ்சான்" என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை. அவள் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான், அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டை மேய்த்தாளாம். ஆனால் அடுத்தவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவதில் அவளுக்கு ஒரு வெறி.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் ஒரு பர்மியப் பள்ளி நடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பணம் கொடுத்தார்கள், பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுக்க வேறு நாடு கிடைத்ததும் போய்விட்டார்கள். பள்ளியை மூட வேண்டியதாயிற்று. மிச்சம் இருந்தது தாய்லாந்து அரசுப் பள்ளி. கையில் எந்தக் காகிதமும் இல்லாத பிள்ளையையும் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் பாங்காக்கில் இருந்தது. பள்ளிக் கதவு, அங்கிருந்து மாற்றலாகி வந்த தலைமையாசிரியை சுமாலியின் கையில் இருந்தது.

போன வருஷம் டோ யின் மே ஒரு கூட்டத்தையே ஓட்டிக்கொண்டு போனாள். துணைக்கு, பேச்சை மொழிபெயர்க்க, நான். எல்லாருக்கும் தலை வாரி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, "டீச்சரம்மா முன்னாடி எப்படி நிப்பீங்க, காட்டுங்க" என்று தெருவிலேயே ஒத்திகை பார்த்தாள். பெரியவர்கள் முன்னால் நாங்கள் எப்படி நிற்போமோ அப்படி, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். பள்ளியிலும் அப்படியே நின்றார்கள். சுமாலி அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடமில்லை என்றார். ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை.

அவர்களில் பெரிய பிள்ளைகள் எங்கள் ஆலைக்கே வந்துவிட்டார்கள். வயதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், அங்கே எப்போதும் இடம் உண்டு. இந்த ஊரில் வாத்தியார்கள் உட்பட அரசு ஊழியர்கள் போடும் காக்கிச் சட்டைதான் எங்களிடம் அதிகம் தைப்பது. பிள்ளைகளைப் பித்தான் தைக்க உட்கார வைத்தார்கள்.

இந்த வருஷம் தாஸினின் முறை. பன்னிரண்டு வயது, அடுத்த வீட்டுப் பெண், டிவி பார்த்தே தாய்லாந்து பாஷை பேசக் கற்றுக்கொண்டவள். எங்கள் ஆலையிலேயே தைக்கும் அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை ஆலை.

"சும்மா அவளுக்கு ஆசை காட்டாதக்கா. போன வருஷம் நீ கூட்டிட்டுப் போனதுங்க எங்க உக்காந்திருக்குன்னு தெரியும்ல."

"தெரியும். உங்க மேஸ்திரி மூஞ்சியும் தெரியும். அவன்கிட்ட எம் பொண்ண அனுப்ப மாட்டேன்."

"உம் பொண்ணா?"

"நீ பெத்த, அவ்வளவுதான். போய் மிஷின்ல உக்காரு, மணி அடிச்சாச்சு."

அந்த வாரம் புதிதாக வந்த போலீஸ்காரன் ஒருவன், வழியை அடைக்கிறாய் என்று அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் போலீஸை என்ன வேண்டுமானாலும் சொல்வாள், நேரில் அவளைப் போலப் பணிவு யாருக்கும் வராது. கையைக் கட்டித் தலை குனிந்து நின்றாள். அவன் குரல் ஏறியது. அவள் இன்னும் இறுக்கிக் கட்டினாள். அவனுக்கு முகமே சிவந்துவிட்டது. நான் ஓடிப்போய் நடுவில் நின்று விசாரித்தேன்.

"என்னடா சொல்றான்?"

"என்ன திமிரு, சண்டைக்கு வர்றியாங்கிறான். கைய எறக்கணுமாம்."

"மரியாதைக்குல்லடா கட்டியிருக்கேன்."

"இவங்க ஊர்ல கும்பிடுறதுதான் மரியாதையாம். கை கட்டுனா, 'உன்னால என்ன புடுங்க முடியும்'னு அர்த்தமாம்."

அவள் கையை இறக்கினாள். வாயில் வெற்றிலைச் சாறு வழிந்தது, துடைக்கவில்லை. இத்தனை வருஷம் கட்டிய அபராதத்துக்கெல்லாம் சேர்த்து அவனை ஒரு பிடி பிடிப்பாள் என்று நினைத்தேன். "அந்தப் புள்ளைங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு வண்டி ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை தாஸின் சுமாலியின் முன்னால் கை குவித்து, கட்டைவிரல் மூக்கைத் தொடக் குனிந்து கும்பிட்டாள். சுமாலி சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் தாஸின் டிவி நடிகை மாதிரி பதில் சொன்னாள். இடம் கிடைத்தது. இவ்வளவு அழகாக யார் பழக்கியது என்று சுமாலி கேட்டார்.

தாஸின் டோ யின் மேயின் பக்கம் திரும்பினாள். பழக்க தோஷம், கை தானாக மார்பில் ஏறிக் கட்டிக்கொண்டது. "இந்தப் பெரியம்மாதான் எங்க டீச்சர்" என்றாள்.

சுமாலியின் பேனா நின்றுவிட்டது.

"அவங்ககிட்ட மட்டும் ஏன் இப்படி நிக்கிற?"

"நாங்க பெரியவங்க முன்னாடி இப்படித்தான் நிப்போம், டீச்சர்."

சுமாலி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குரல் இறங்கி, என்னைப் பார்த்துக் கேட்டார். "போன வருஷம் வந்த பிள்ளைங்க இப்ப எங்க?"

நான் மொழிபெயர்த்தேன். டோ யின் மே எழுந்து, கட்டைவிரல் மூக்கைத் தொடக் குனிந்து, ஒரு குறை சொல்ல முடியாத கும்பிடு போட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் சுமாலி போட்டிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

"நீங்க போட்டிருக்கிறதுக்குப் பித்தான் தைச்சுக்கிட்டு இருக்காங்கம்மா."

இதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன். தாஸின் கையைக் குவித்து, தாய்லாந்து பாஷையில் சொல்லிவிட்டாள். சுமாலியின் கை மெல்ல உயர்ந்து, கழுத்தடியில் இருந்த பித்தானைத் தொட்டது.