அவசரத்துக்கு ஒரு டீ

அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் கொள்முதல் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரப் போயிருந்தேன். அந்தப் பிரிவுக்கு மேலாளர் ஒரு அம்மா. அவருடைய மூக்குக் கண்ணாடியில் எப்போதும் சிமெண்ட் தூசி படிந்திருக்கும், துடைக்கவே மாட்டார். மேசையில் பெரிய பிளாஸ்க் ஒன்று இருக்கும்.

யார் வந்து "அவசரமா வேணும் மேடம்" என்றாலும், "உக்காருங்க, மொதல்ல டீ குடிங்க" என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவார். அதை ஊதி ஊதிக் குடிப்பதற்குள் பாதிப் பேருக்கு, கேட்க வந்த பொருள் பழைய ஷெட்டிலேயே கிடப்பது நினைவுக்கு வந்துவிடும்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "இனிமே பட்டனைத் தட்டினா ஆர்டர் போயிடும் மேடம். டீயெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"அதாங்க பயமா இருக்கு" என்றார்.

வேலை முடிந்ததும் ஒப்புதல் கையெழுத்துக்குப் போய் நின்றேன். "கொஞ்சம் அவசரம் மேடம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் பிளாஸ்க்கைத் திறந்துவிட்டார்.

பாதி டம்ளரில், அந்தப் பட்டனுக்கு முன்னால் 'ஸ்டோரில் தேடிப் பார்த்தீர்களா?' என்று ஒரு கேள்வி வைக்கலாமே என்று எனக்கே தோன்றியது. கையெழுத்து வாங்காமலே எழுந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து என்னைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.