தேய வேண்டிய கட்டி

இலங்கை மலையகத்தின் காசல்ரீயில் அணை கட்டித் தண்ணீர் ஏறியதும், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போகும் பாதை ஏரிக்குள் மூழ்கிப்போனது. துரை ஓர் அலுமினியப் படகு வாங்கினார். அதை ஓட்டும் வேலை வீரய்யாவுக்குக் கிடைத்த அன்று, கொழுந்து பறிக்கும் அவன் மனைவி சண்முகவடிவு தொழிலாளர்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சீனி கொடுத்தாள். பாவி மகள், அந்தப் படகு தன் வீட்டுக்குள் இரத்தம் கொண்டுவரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

படகின் அடியில், எஞ்சினின் பித்தளை விசிறிக்குப் பக்கத்தில், செங்கல் அளவு வெள்ளை உலோகக் கட்டி ஒன்று முடுக்கப்பட்டிருந்தது. அது எதற்கென்று தெரிந்த துரை சீமைக்குப் போய்விட்டார். புதிய துரைக்குத் தெரியாது. வீரய்யாவுக்கும் தெரியாது.

ஒரு மழைக்காலம் முடிந்து படகைக் கரையேற்றியபோது, கட்டி பாதியாகியிருந்தது. வீரய்யா அதை அரத்தால் ராவி அட்டன் பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டான் என்றார் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில், அத்தனை பேர் பார்க்க மண்வெட்டிப் பிடியால் அவனை அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். மூன்றாவதைத் தடுக்க நீட்டிய வலது கை, விறகு முறிவதுபோல் முறிந்தது. சண்முகவடிவு கூடையை வீசிவிட்டு ஓடினாள். கணக்கப்பிள்ளையின் ஆட்கள் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். புருஷனின் பல் ஒன்று சேற்றில் கிடந்ததை அவள்தான் பொறுக்கினாள்.

பழைய துரை படகுப் பெட்டியில் இன்னொரு கட்டியை விட்டுப் போயிருந்தார். அதை முடுக்கச் சொல்லிவிட்டு ஆண்டியப்பன் சொன்னார்:

"இது ஒரு விரல் தேஞ்சாலும் மத்த கையும் போகும்டா. அப்புறம் பத்துச்சீட்டு குடுத்து வேலைய விட்டே நிப்பாட்டிருவேன். பொண்டாட்டியோட லயத்த விட்டு எறங்கணும்."

கை கோணலாகவே கூடியது. இடக்கையால் படகு ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் படகைக் கரையேற்றிக் கழுவும்போது சண்முகவடிவும் போவாள். தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லிக் கட்டியைத்தான் பார்ப்பாள். சில வாரங்களிலேயே அதன் மூலைகள் பொரிந்து, வெள்ளை மாவாக உதிர ஆரம்பித்தன. யாரும் தொடாமலே தேய்கிறது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தகரக் கூரை ஒழுக்குக்குப் பூசிய தார் டின்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எல்லாரும் மாரியம்மன் கோயிலில் இருந்த ஒரு மத்தியானம், அவள் தாரைக் காய்ச்சி எடுத்துப் போய் அந்தக் கட்டிக்கு மட்டும் தடிப்பாகப் பூசினாள். புருஷனிடமும் சொல்லவில்லை.

அதோடு கட்டி தேய்வது நின்றது. தாரைப் பார்த்த வீரய்யா, கணக்கப்பிள்ளைதான் பூசச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த மழைக்காலம் வரைக்கும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த ஆடி மாதம் அவள் கரையில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, நடு ஏரியில் படகின் பின்பக்கம் தாழ்ந்தது. படகில் இருந்தவர்கள் வீரய்யாவும் ஆண்டியப்பனும்தான். நீச்சல் தெரியாத கணக்கப்பிள்ளை வீரய்யாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவனையும் அமுக்கினார். வீரய்யா அவர் முகத்தில் குத்தினான். பிடி விடும்வரை குத்தினான். பிறகு தலைமயிரைப் பற்றி, ஒடிந்து கூடிய கையாலேயே நீந்தி, அவரைக் கரையில் கொண்டுவந்து போட்டான்.

குடித்த தண்ணீரைக் கக்கியதும் ஆண்டியப்பன் பேசிய முதல் பேச்சு, இவன் ஓட்டை போட்டுத் தன்னைக் கொல்லப் பார்த்தான் என்பதுதான். ஆட்கள் வீரய்யாவைப் படகுத்துறை மரத்தில் கட்டினார்கள்.

கயிறு போட்டுப் படகை இழுத்துப் புரட்டினார்கள். பித்தளை விசிறியைச் சுற்றி அலுமினியம் அம்மை வார்த்த முகம்போல் குழி விழுந்திருந்தது. இரண்டு குழிகள் ஓட்டையாகியிருந்தன. கட்டி மட்டும் முழுசாக இருந்தது. அணையின் மின்சார வேலைக்கு வந்திருந்த மெக்கானிக் அமிர்தநாதன் தாரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது மக்னீசியம், தேயத்தான் வைக்கிறது என்றார். தண்ணீருக்குள் பித்தளை பக்கத்தில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். படகுக்குப் பதிலாக இந்தக் கட்டி தன்னை அரிக்கக் கொடுக்கும். இதைத் தார் பூசி மூடியதால்தான் படகு போயிற்று என்றார்.

"அப்ப பூசுனவன்தான் கொலகாரன்," என்று ஆண்டியப்பன் மரத்தடிக்குப் போய்த் தடியை ஓங்கினார்.

சண்முகவடிவு குறுக்கே வந்து நின்றாள்.

"நான்தாங்க பூசுனேன். தேஞ்சா எம் புருஷன் கைய ஒடிப்பேன்னு சொன்னது நீங்கதானுங்களே. தேயாம இருக்கட்டும்னு பூசுனேன்."

தடி நிற்கவில்லை. அவள் நெற்றி பிளந்து இரத்தம் கண்ணை மறைத்தது. இரண்டாவது தடவை தடி எழும்பியபோது, அவள் கையிலிருந்த விறகுக்கத்தி ஆண்டியப்பனின் மணிக்கட்டில் எலும்பு தெரிய இறங்கியது. அப்புறம் அவளே கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனின் கட்டை அவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

அட்டன் கோர்ட்டில் அவளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அமிர்தநாதன் வந்து சாட்சி சொன்னதால் வீரய்யாவின் பேரிலிருந்த திருட்டுப் பழி நீங்கியது. லயமும் வேலையும் தங்கின. ஆண்டியப்பன் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார்.

சிறையிலிருந்து திரும்பிய அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் துறைக்குப் போனாள். ஒட்டுப்போட்ட படகு கரையில் புரண்டு கிடந்தது. புதுக் கட்டி கால்வாசி தேய்ந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய வெள்ளை மாவை நெற்றித் தழும்புக்குப் பக்கத்தில் திருநீறாக இட்டுக்கொண்டாள். படகருகே நின்ற வீரய்யா கோணல் கையால் அவள் துணிமூட்டையை வாங்கிக்கொண்டான்.