படையலில் ஒரு கிம்லெட்

செத்துப்போனவருக்குப் படைக்கும்போது அவர் ஆசைப்பட்டதையெல்லாம் இலையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்காதவர்கள்கூட அன்றைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, மீன் குழம்பு வைத்தாயிற்றா, சுருட்டு வைத்தாயிற்றா என்று மேற்பார்வை பார்ப்பார்கள். என் மாமாவின் கருமாதிக்கு முந்தின நாள் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் அப்படியொரு மேற்பார்வை நடந்தது. மாமாவுக்குச் சரக்கு வைத்தே ஆக வேண்டும் என்று அதில் முடிவாயிற்று.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மாதான். புதுச்சேரியில் ஓட்டல் வேலை என்று மட்டும் வெளியில் சொல்லுவோம். அந்த ஓட்டலின் பாரில் நின்று, வருகிறவர்களுக்கு விதவிதமாகச் சரக்கு கலந்து கொடுக்கிற வேலை என்பது அம்மாவுக்கு வாயில் வராது. காரணம் அப்பா. அப்பா தினமும் குடிப்பார். அதனால் தம்பி அந்த வேலையில் சேர்ந்த அன்றே அம்மா அவர் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து, ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாமா சிரித்துக்கொண்டே சத்தியம் பண்ணினாராம்.

பிறகு அவர் சிதம்பரத்துப் பெண் ஒருத்தியைத் தானாகவே பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே வாடகைக்குக் குடிபோனார். அம்மா கல்யாணத்துக்குப் போனாள், சாப்பிட்டாள், வந்துவிட்டாள். அத்தையோடு அவளுக்குப் பேச்சு என்று எதுவும் இல்லை.

நான் மட்டும் காலாண்டு லீவில் சிதம்பரம் போய் மாமா வீட்டில் இருந்தேன். மாமாவுக்கு லீவு நாள் வந்தால் சாயங்காலம் அடுப்படி அவருடையது. சர்க்கரையையும் தண்ணீரையும் சம அளவு காய்ச்சி ஆறவைப்பார். எலுமிச்சம்பழத்தைக் கையால் உருட்டி, பிழிந்து, விதை நீக்கி வைப்பார். ஓட்டலில் குலுக்குவதற்கென்று தனிப் பாத்திரம் உண்டாம், வீட்டில் கோதுமை மாவு டப்பாதான். பாகு, எலுமிச்சைச் சாறு, பையிலிருந்து எடுத்த ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதோ கொஞ்சம், பிறகு நிறைய ஐஸ். மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, டப்பாவுக்கு வெளியே வெள்ளையாகப் பனி பூக்கிற வரைக்கும் குலுக்குவார். டீ வடிகட்டியில் வடித்து அத்தையிடம் நீட்டுவார். எனக்கு அந்தப் பாட்டில் சமாச்சாரம் இல்லாமல் தனியாக ஒன்று வரும்.

"இதும் பேரு கிம்லெட். வெள்ளக்காரன் ஜூஸ்" என்பார் என்னிடம்.

அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, புளிப்பு ஜாஸ்தி என்றோ, இன்னும் கொஞ்சம் இனிக்கலாம் என்றோ சொல்லுவாள். அவர் உடனே அடுத்ததைக் குலுக்குவார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "எனக்கு நாக்கு கெடையாது பாப்பா, ஒங்க அத்தைதான் என் நாக்கு" என்றார். நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னேன். நீட்டிக் காட்டினார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து வண்டியில் சிதம்பரம் திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டி லாரியில் மோதி மாமா அங்கேயே போய்விட்டார். முதுகுப் பையில் இருந்த ஜின் பாட்டில் உடைந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தூக்கினவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஆள் கிட்டவே போக முடியவில்லை, அவ்வளவு நாற்றம். ஆஸ்பத்திரி அறிக்கை வர மாதக்கணக்காகும் என்றார்கள். அதுவரைக்கும் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? உடம்பு எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் குடித்துவிட்டு ஓட்டிச் செத்தான் என்று முடிவு கட்டிவிட்டது.

"அவுரு குடிக்கவே மாட்டாரு" என்று அத்தை முதல் நாள் அழுதுகொண்டே சொன்னாள். எந்தப் பெண்டாட்டிதான் அப்படிச் சொல்லவில்லை என்றார்கள். அப்படியானால் பாட்டில் யாருக்கு என்று ஒருத்தர் கேட்டார். அத்தை அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு நடு அறை மூலையில் போட்ட பாயில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

அம்மா ஒப்பாரி வைக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "என் தலைய தொட்டுட்டு, அப்புறம் குடிச்சானா?" என்று துணி துவைக்கும்போது, அரிசி களையும்போது, தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பாள். தம்பி செத்ததைக் காட்டிலும் அந்தக் கேள்விதான் அவளைத் தின்றது.

படையல் அன்று, அம்மாவின் சித்தப்பா, எனக்குச் சின்னத் தாத்தா, பேச்சை எடுத்தார். "அவன் எதுல செத்தானோ அதுலதாம்மா அவன் ஆச. வச்சுதான் ஆவணும். இல்லன்னா தாகத்தோட சுத்திக்கினு இருப்பான்."

"வக்கிறதுன்னா அவன் செய்யற மாதிரியே செஞ்சு வைங்க. பாட்டில தூக்கி எலையில வைக்கக்கூடாது" என்றாள் அம்மா.

எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்றேன்.

அப்பா புதுச்சேரி போய் ஜின் வாங்கிவந்தார். இந்த ஒரு வேலையை அவர் தட்டாமல் செய்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் பிரிட்ஜில் ஐஸ் உறையவில்லை. துறைமுகத்துப் பக்கம் மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டியை வாங்கி, கழுவி, உலக்கையால் உடைத்தார்கள். சொல்வது நான், செய்வது அப்பா. சாவு வீட்டில் ஆம்பளைகள் சுற்றி நின்று, கோதுமை மாவு டப்பா பனி பூக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நடு அறையில் இலை போட்டுப் படைத்தார்கள். கறி, மீன், முட்டை, நடுவில் அந்தக் கண்ணாடி டம்ளர். கற்பூரம் காட்டிவிட்டு, மாமா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நின்றோம். அத்தை மட்டும் உள்ளே, மூலையிலேயே இருந்தாள். பிறர் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவளை யாரும் வெளியே கூப்பிடவில்லை. அவள் அங்கே இருக்கிறாள் என்பதே யாருக்கும் நினைவில்லை என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்தபோது டம்ளர் காலியாக இருந்தது.

"வந்துட்டாம்பா. குடிச்சுட்டுப் போயிட்டான்" என்றார் சின்னத் தாத்தா. அவர் குரலில் துக்கத்தைக் காட்டிலும், தான் சொன்னது சரியாகப் போன திருப்திதான் ஜாஸ்தி. ஆமாம், என்ன ஆசை பாரு என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

அம்மா இலையைப் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போய் அத்தைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அத்தையின் கண் சிவந்து, தலை இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. சோறு இறங்காத வயிறு. அம்மா அவள் முகத்தருகே குனிந்தாள். எலுமிச்சம்பழ வாசனையும் அந்தப் பாட்டில் வாசனையும் எனக்கே அடித்தது. அம்மா ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தாள். பிறகு அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வாசலுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"தம்பி, நீ வந்துட்டியாடா? சொல்லு. குடிச்சுட்டாடா வண்டி ஓட்டுன?"

மாமா இறங்கிவிட்டார் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அத்தை திகைத்துப்போய் அம்மாவையே பார்த்தாள். அம்மா பிடியை விடவில்லை. பேச்சு இல்லாவிட்டாலும் அம்மாவை அண்ணி என்றே சொல்லுகிறவள் அப்போது சொன்னாள்:

"நான் குடிக்கலக்கா. ஒன் தல மேல சத்தியம் பண்ணன்ல. ஒரு சொட்டு குடிக்கல."

சின்னத் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப அந்தப் பாட்டிலு யாருக்குடா?" என்றார்.

அத்தை பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா சட்டென்று திரும்பினாள். "செத்தவன நிக்க வச்சு வெசாரண பண்ணாதீங்க சித்தப்பா. சொல்ல வந்தத சொல்லிட்டான். மலையேறட்டும்." திருநீற்றை அள்ளி அத்தையின் நெற்றியில் பூசினாள். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். தயிர்சாதம் பிசைந்து அவளுக்கு ஊட்டினாள், வாயில் போட்டு மென்றுகொள்ளக் கிராம்பு கொடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமா போனதிலிருந்து அம்மா அழுது நான் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் ஆற்றங்கரையில் அத்தைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஈவு இரக்கமில்லாமல் செய்து முடித்தார்கள். தாலி அறுத்தார்கள், வளையலை உடைத்தார்கள். ஆனால் மாமாவைக் குடிகாரன் என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் யாரும் சொல்லவில்லை. மாமாவே வந்து பேசிவிட்டுப் போனார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சத்தியம் பண்ணிச் சொன்னேன். பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

கதவைத் திறக்கும்போதே அப்பா எதைக் குடித்திருக்கிறார், எவ்வளவு குடித்திருக்கிறார் என்று மூக்கால் சொல்லிவிடுகிறவள் அம்மா. அவ்வளவு கிட்டத்தில் குனிந்தவளுக்கு, டம்ளரில் இருந்தது எங்கே போயிற்று என்று தெரியாமல் இருக்குமா? பாட்டில் யாருக்காக வந்தது என்பதும், தம்பி தன் தலையைத் தொட்டதற்குத் துரோகம் பண்ணவில்லை என்பதும் அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் அந்தக் கேள்வியை அவ்வளவு சத்தமாகக் கேட்டாள்.